கேம் திக்குகிறது: அது லேக்கா, ஃபிரேம் டிராப்பா?

போன மாதம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, கேம் பயங்கரமா லேக் அடிக்குது. நெட் பிளானை மாத்தச் சொல்லி அப்பாகிட்ட கேக்கவா?"

என்ன கேம் என்று கேட்டேன். தனியாக உட்கார்ந்து ஆடும் கதைக் கேம். அதற்கு நெட்டே தேவையில்லை. "ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டு ஆடிப் பாருடா" என்றேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி போன். "அப்பவும் லேக் அடிக்குது மாமா."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கோளாறுகளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரே பெயரை வைத்திருக்கிறோம். தலைவலிக்கும் பல்வலிக்கும் "வலி" என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பது போலத்தான் இது. முதலில் எந்த வலி என்று பிரித்துக்கொள்வோம்.

## ஒரே பெயரில் மூன்று கோளாறுகள்

கேமைத் திறந்து, உங்கள் கதாபாத்திரத்தை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். வலது ஸ்டிக்கால் கேமராவை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

படம் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஆனால் ஆன்லைனில் ஆடும் மற்றவர்கள் மட்டும் இங்கே மறைந்து அங்கே முளைக்கிறார்கள், சுட்ட குண்டு பட்டும் படாதது போலிருக்கிறது என்றால் அது நெட்வொர்க் லேக். தகவல் உங்கள் வீட்டுக்கும் சர்வருக்கும் இடையே தாமதமாகிறது.

படம் வழுக்குகிறது, யாரும் தாவவில்லை, ஆனால் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் கதாபாத்திரம் குதிக்கிறது என்றால் அது இன்புட் லேக். பெரும்பாலும் டிவியின் வேலை. கன்சோல், அதாவது டிவியில் இணைத்து கேம் ஆடும் பெட்டி, அனுப்பிய படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது. டிவியில் கேம் மோடைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேமரா சுற்றுவதே வெட்டி வெட்டி, திக்கித் திக்கி வருகிறது என்றால் அதுதான் ஃபிரேம் கோளாறு. அக்கா மகனுக்கு வந்தது இதுதான். இனி இந்தக் கட்டுரை முழுக்க இந்த மூன்றாவதைப் பற்றியே.

ஒரு விதிவிலக்கு உண்டு. கிளவுட் கேமிங், ரிமோட் பிளே போன்றவற்றில் கேம் வேறெங்கோ ஓடுகிறது, உங்களுக்கு வருவது வீடியோ மட்டும். அங்கே நெட் மந்தமானாலும் படம் திக்கும். கன்சோலிலேயே கேம் ஓடும்போது அப்படி இல்லை.

## நோட்டின் ஓரத்தில் வரைந்த படம்

பள்ளி நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு பொம்மை வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று புரட்டியிருப்பீர்கள். பொம்மை ஓடும். கேமும் அடிப்படையில் அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு பக்கமும் ஒரு ஃபிரேம். ஒரு விநாடியில் எத்தனை பக்கம் புரளுகிறது என்பது ஃபிரேம் ரேட். 30 எஃப்பிஎஸ் என்றால் விநாடிக்கு 30 ஃபிரேம்.

ஆனால் நோட்டுக்கும் கேமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நோட்டில் எல்லாப் பக்கமும் முன்பே வரைந்து முடித்தவை. கேமில், நீங்கள் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுவீர்கள் என்று கன்சோலுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும் நேரத்துக்குள் அப்போதே புதிதாக வரைந்தாக வேண்டும்.

"சினிமா 24 ஃபிரேமில் ஓடுதே, அது திக்கலையே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிஜ கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிறிது நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் அசைந்ததெல்லாம் லேசாக இழுபட்டுப் பதிவாகிறது. அந்த இழுவைதான் ஒரு ஃபிரேமை அடுத்ததோடு கண்ணில் ஒட்டவைக்கிறது. கேம் வரைவதோ உறைந்துபோன ஒரு கணத்தை. மோஷன் பிளர் என்று கேம்கள் இந்த இழுவையைச் செயற்கையாகப் பூசுவது இதற்காகத்தான். போதாக்குறைக்கு, சினிமாவில் கேமராவை நீங்கள் சுற்றுவதில்லை. கை அசைய, படம் பின்னாலேயே வராவிட்டால் உடனே உறுத்தும்.

## எண்ணிக்கையை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்

ஃபிரேம் ரேட் என்ற எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் கன்சோலுக்குத் தெரிந்தது கெடு மட்டும்தான். ஒரு விநாடிக்கு 1000 மில்லி விநாடி. 30 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 33.3 மில்லி விநாடி கிடைக்கும். 60 வேண்டுமென்றால் 16.7. 120 என்றால் 8.3 மட்டுமே. ஒரு ஃபிரேம் தயாராக ஆகும் இந்த நேரத்துக்கு ஃபிரேம் டைம் என்று பெயர்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு விநாடியில் 54 ஃபிரேம்கள் ஒழுங்காக 16.7 மில்லி விநாடிக்கு ஒன்றாக வந்தன. அதற்கே 900 மில்லி விநாடி ஆகிவிட்டது. கடைசி ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் மீதி 100 மில்லி விநாடியையும் விழுங்கிவிட்டது. மொத்தம் 55 ஃபிரேம். "55 எஃப்பிஎஸ், பரவாயில்லையே" என்று தோன்றும். கண்ணுக்குத் தெரிவதோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று முட்டி நின்று மறுபடி கிளம்புவது. இதே கேம் ஒரே சீராக 40 ஃபிரேமில் ஓடியிருந்தால் உங்களுக்குப் புகாரே இருந்திருக்காது.

சராசரி நன்றாக இருப்பதால் ஆட்டம் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கண் கவனிப்பது இடைவெளியை.

## டிவி என்கிற பஸ்

கன்சோல் வரைந்து முடித்தவுடன் படம் திரைக்கு வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடுவில் டிவி இருக்கிறது, அதற்கென்று ஒரு கால அட்டவணை இருக்கிறது.

டிவியைக் குறித்த நேரத்துக்குக் கிளம்பும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 60 ஹெர்ட்ஸ் டிவியில் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு பஸ். விநாடிக்கு இத்தனை முறை திரை புதுப்பிக்கப்படும் என்ற இந்தக் கணக்கே ரெஃப்ரெஷ் ரேட். பஸ் யாருக்காகவும் நிற்காது. ஃபிரேம்தான் பயணி. 16 மில்லி விநாடியில் தயாரான ஃபிரேம் ஏறிவிடும். 17-வதில் ஓடி வந்த ஃபிரேம் கோட்டைவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக 33.3 வரை நிற்கும். அதுவரை திரையில் பழைய படமே இருக்கும். ஒரு மில்லி விநாடி தாமதம், பதினாறு மில்லி விநாடித் தண்டனையாகிறது.

30 ஃபிரேம் கேம்கள் ஒரு பஸ் விட்டு ஒரு பஸ் ஏறுகின்றன. அவை 33.3-ஐத் தவறவிட்டால் அடுத்த பஸ் 50-வது மில்லி விநாடியில். அந்தக் கணத்தில் கேம் 20 ஃபிரேம் வேகத்துக்கு விழுந்துவிடுகிறது. 30-ல் ஓடும் கேம் ஒரு சண்டைக் காட்சியில் சேற்றில் நடப்பது போல ஆவதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

முழு ஃபிரேம்தான் ஏற வேண்டும், பாதியில் ஏறக் கூடாது என்ற இந்த ஒழுங்குக்கு வி-சிங்க் என்று பெயர். அதை விட்டுவிட்டால் காத்திருப்பு குறையும். ஆனால் திரையின் மேல்பாதியில் பழைய ஃபிரேமும் கீழ்ப்பாதியில் புதிய ஃபிரேமும் சேர்ந்து தெரியும். கேமராவைத் திருப்பும்போது தூண்கள் நடுவில் வெட்டுப்பட்டு விலகி நிற்பதைப் பார்த்திருந்தால், அந்தக் கிழிசல்தான் டியரிங்.

இன்னொரு நுணுக்கமான கோளாறும் இந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் பிறக்கிறது. கன்சோல் விநாடிக்குச் சரியாக 30 ஃபிரேம் வரைகிறது, ஆனால் அவை ஏறும் முறை 16.7, 50, 16.7, 50 என்று தாறுமாறாக இருக்கிறது. எண்ணிக்கையில் குறையே இல்லை, கண் மட்டும் திக்கலைக் காண்கிறது. ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வருவதை ஃபிரேம் பேசிங் என்பார்கள். 2015-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த பிளட்போர்ன் இந்தக் குறைக்கு இன்றைக்கும் உதாரணம் காட்டப்படும் கேம். இதை நம் பக்கத்தில் சரிசெய்ய எந்த செட்டிங்கும் கிடையாது. உருவாக்கியவர்கள்தான் அப்டேட்டில் திருத்த வேண்டும்.

ஆக, ஃபிரேம் தாமதமாகத் தயாராவது ஒரு கோளாறு. தயாரானது தப்பான பஸ்ஸில் ஏறுவது இன்னொன்று.

## பஸ்ஸே காத்திருந்தால்?

அதுதான் விஆர்ஆர், அதாவது வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட். கன்சோலும் டிவியும் பேசிக்கொண்டு, பயணி வந்ததும் பஸ்ஸை எடுக்கும் ஏற்பாடு. 17-வது மில்லி விநாடியில் வந்த ஃபிரேம் 17-லேயே திரைக்குப் போய்விடும். 60-க்கும் 50-க்கும் நடுவே தள்ளாடும் கேம்களுக்கு இது மருந்து போல வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5-க்கு இது 2022 ஏப்ரலில் ஒரு அப்டேட்டாக வந்தது. எக்ஸ்பாக்ஸ் பக்கம் அதற்கு முன்பிருந்தே உண்டு.

ஆனால் விஆர்ஆர் இருந்தால் எல்லாம் தீரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பிளேஸ்டேஷன் 5-ல் அது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரம்புக்குள்தான் வேலை செய்கிறது. 30-லிருந்து 25-க்கு விழும் கேமுக்கு நேரடியாக அதனால் பயனில்லை. 100 மில்லி விநாடி முட்டலையும் எந்த விஆர்ஆராலும் மறைக்க முடியாது. பயணியே அவ்வளவு நேரம் வரவில்லையே.

120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால் இன்னொரு வசதி. அதில் 8.3 மில்லி விநாடிக்கு ஒரு பஸ். மூன்று பஸ்ஸுக்கு ஒரு ஃபிரேம் ஏற்றினால் சரியாக 25 மில்லி விநாடி, அதாவது 40 எஃப்பிஎஸ். 60 ஹெர்ட்ஸ் டிவியில் 40 சீராக வகுபடாது, அதனால் அங்கே இது முடியாது. 30-லிருந்து 40 வெறும் பத்துதானே என்று தோன்றும். நேரத்தில் பாருங்கள். 33.3-க்கும் 16.7-க்கும் சரிபாதி 25. பாதி தூரம் கடந்தாயிற்று. 2021-ல் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் இப்படி ஒரு மோட் வந்தது. பிறகு வேறு பல கேம்களும் பின்பற்றின. என்னைக் கேட்டால், டிவி இடம் கொடுத்தால் கதைக் கேம்களுக்கு இதைவிட நல்ல மோட் இல்லை.

## ஃபிரேமைத் தாமதிப்பது யார்?

கன்சோலுக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சிபியு என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது: எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், உடைந்த பெட்டி எங்கே விழுகிறது, கூட்டத்தில் யார் எங்கே நடக்கிறார்கள். ஜிபியு அதைப் படமாக வரைகிறது. இருவரில் யார் மெதுவோ, ஃபிரேம் டைம் அவர் கையில்.

இது தெரியாததால்தான் "ரெசல்யூஷனைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சு வருகிறது. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், 1080பி-யில் சுமார் 21 லட்சம். நான்கு மடங்கு வித்தியாசம். கேம் உள்ளே வரையும் ரெசல்யூஷனைக் குறைத்தால் வரைபவருக்குச் சுமை குறையும் என்பது உண்மை. முடிவெடுப்பவர் திணறினால்? ஒரு புள்ளியைக்கூட வரையாவிட்டாலும் அவர் சுமை அப்படியே இருக்கும்.

நல்ல உதாரணம் 2016-ல் வந்த பிளேஸ்டேஷன் 4 ப்ரோ. ஜிபியு பழையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வலுவானது. சிபியு வேகமோ 1.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.13-க்குத்தான் ஏறியது, மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். அதனால் 30-ல் ஓடிய பல கேம்கள் ப்ரோவிலும் 30-லேயே ஓடின. படம் மட்டும் கூர்மையானது.

மூன்றாவதாக ஓர் ஆள், ஸ்டோரேஜ். வரைய வேண்டிய தெருவும் கட்டடமும் உள்ளிருந்து வந்து சேர்ந்தால்தானே வரைய முடியும்? சாதாரண பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். வேகமாகக் கார் ஓட்டும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் முட்டுகிறது என்றால் சந்தேகம் இவர் மேல்தான் விழ வேண்டும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். திக்கும் இடத்தில் நின்று கேமராவை வானத்தையோ வெறும் சுவரையோ நோக்கித் திருப்புங்கள். உடனே சீரானால் ஜிபியுவுக்குத்தான் பெரும்பாலும் சுமை. சுவரைப் பார்த்தாலும், சுற்றிலும் கூட்டமும் சண்டையும் இருக்கும் வரை திக்குகிறது என்றால் சிபியு. நிற்கும்போது ஒன்றுமில்லை, புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு முட்டு என்றால் ஸ்டோரேஜ். ஆய்வகச் சோதனை அளவுக்குத் துல்லியமில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செட்டிங்ஸை மாற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

## செய்து பார்க்க வேண்டியவை

முதலில் கேமின் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். குவாலிட்டி மோட் பெரும்பாலும் 30-ஐயும், பெர்ஃபார்மன்ஸ் 60-ஐயும் குறிவைக்கும். பிளேஸ்டேஷன் 5-ல் கேம் ப்ரீசெட்ஸ் என்ற இடத்தில் பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்து வைத்தால், அதை மதிக்கும் கேம்கள் முதல்முறை திறக்கும்போதே அந்த மோடில் தொடங்கும். மேலே சொன்ன சோதனையில் ஜிபியு என்று வந்தால் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பல நாளாக ரெஸ்ட் மோடிலேயே கிடக்கும் கன்சோலை முழுதாக அணைத்துப் போடுங்கள். கேமையும் மூடித் திறங்கள். நீண்ட நேரம் ஓடிய சில கேம்கள் மெமரியைச் சரியாகத் திருப்பித் தராமல் மெல்ல மெல்லத் திணறும். ஆடத் தொடங்கும்போது நன்றாக இருந்து, மூன்று மணி நேரத்தில் கெடுவது இதன் அடையாளம்.

பழைய தலைமுறைக் கன்சோலில் ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்றால், அதைச் சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டியாக மாற்றுவது முட்டல்களைக் குறைக்கும். ஆனால் சராசரி ஃபிரேம் ரேட் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிளேஸ்டேஷனில் சேஃப் மோடு என்ற பழுதுபார்க்கும் மெனுவுக்குள் போய் டேட்டாபேஸை, அதாவது உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை, ரீபில்ட் செய்வதும் உண்டு. கன்சோல் அணைந்திருக்கும்போது பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும் வரை, ஏழு விநாடி போல, அழுத்திப் பிடிக்க வேண்டும். கன்ட்ரோலரை ஒயரில் இணைத்தால்தான் அங்கே வேலை செய்யும். சேவ் ஃபைல்கள் அழியாது. ஆனால் அதே மெனுவில் எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட்டும் இருக்கிறது, படித்துப் பார்த்து அழுத்துங்கள்.

அதிகம் பேர் யோசிக்காத ஒரு வழி: பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் சில கேம்களின் பிளேஸ்டேஷன் 4 பதிப்பை அதில் ஓட்டலாம். 2022-ல் வந்த எல்டன் ரிங் கேமின் பிளேஸ்டேஷன் 4 பதிப்பு, பிளேஸ்டேஷன் 5-ன் சொந்தப் பதிப்பைவிட 60-ஐ உறுதியாகப் பிடித்தது. அழகு கொஞ்சம் குறையும்.

## வீண் வேலைகள்

எச்டிஎம்ஐ கேபிளை மாற்றுவதால் ஃபிரேம் ரேட் ஏறாது. கேபிள் மோசமென்றால் திரை கறுத்துக் கறுத்து வரும், புள்ளி புள்ளியாக மின்னும். கேம் திக்காது. 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மட்டும் எச்டிஎம்ஐ 2.1-க்குரிய கேபிளும், டிவியில் அதற்கான போர்ட்டும் தேவை. பல டிவிகளில் எல்லாப் போர்ட்டும் அதற்கு ஏற்றதல்ல, பின்னால் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

தூசியும் சூடும் பற்றி நிறையப் பயமுறுத்தல் உண்டு. தூசி தட்டுவது நல்லதுதான். ஆனால் கன்சோல் சூடானால் முதலில் ஃபேன் இரையும், பிறகு எச்சரிக்கை வரும், கடைசியில் அணைந்துவிடும். பிளேஸ்டேஷன் 5-ன் வேகம் அறையின் வெப்பத்தைப் பொறுத்து மாறாது, செய்யும் வேலையின் அளவைப் பொறுத்தே மாறும் என்று அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சிலேயே விளக்கியிருக்கிறார். கேம் ஒரே காட்சியில் மட்டும் திக்கினால் குற்றவாளி தூசி அல்ல, காட்சிதான்.

நெட் பிளானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

## சரி, அக்கா மகனுக்கு என்ன ஆயிற்று?

"எப்பலேருந்துடா இப்படி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புது டிவி வந்ததுலேருந்து" என்றான். கன்சோலும் அதே, கேமும் அதே. பழைய டிவி எல்சிடி, புதியது ஓஎல்இடி.

முடிச்சு அங்கேதான் இருந்தது. பழைய எல்சிடிகளில் ஒரு புள்ளி நிறம் மாறச் சற்று நேரம் எடுக்கும். அதனால் ஒரு ஃபிரேம் அடுத்ததில் லேசாகக் கரைந்து ஒட்டிக்கொள்ளும். சினிமா கேமராவின் இழுவை போலத்தான், ஆனால் தற்செயலாக வந்தது. ஓஎல்இடியில் புள்ளி ஏறக்குறைய கணத்தில் மாறிவிடுகிறது. 30 ஃபிரேம் கேமில் ஒவ்வொரு ஃபிரேமும் 33.3 மில்லி விநாடி கல்லாக நின்று, பிறகு அடுத்ததற்குத் தாவுகிறது. கேம் முன்பும் இதே 30-ல்தான் ஓடியது. பழைய டிவி மறைத்துக்கொண்டிருந்தது, புதியது காட்டிக்கொடுத்துவிட்டது.

டிவியில் மோஷன் ஸ்மூதிங் போட்டால், இரண்டு ஃபிரேமுக்கு நடுவே டிவியே ஒன்றை ஊகித்துச் செருகும். வழுக்கும், ஆனால் பட்டனுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் கூடிவிடும். அது வேண்டாம் என்று சொல்லி, குவாலிட்டியிலிருந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றச் சொன்னேன்.

"சூப்பர் மாமா, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றான். பத்து நிமிடம் கழித்து மறுபடி போன். "ஆனா தண்ணில கட்டடம் தெரியுமே, அந்தப் பிரதிபலிப்பைக் காணோமே?" அதை வரையவே ஜிபியுவுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது என்று விளக்கினேன். இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தானாம். இப்போது பெர்ஃபார்மன்ஸில் ஆடுகிறான், ஃபோட்டோ எடுக்க மட்டும் குவாலிட்டிக்குப் போய் வருகிறான்.